நுழைவு இலவசம் என்று போட்டாலும் அதே ஆட்கள்தான் வருகிறார்கள், ஏன்?

இரவுராகம்:

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் ஓர் இசை இரவு நடத்துகிறோம். முதலில் ஒரு பேண்ட், அப்புறம் டிஜே, விடியற்காலை வரை ஆட்டம். கையில் காசு இல்லாததால் ஒருவர் வாசலோடு திரும்பிப் போகக் கூடாது என்றுதான் தொடக்கத்திலேயே கட்டணம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆனால் உள்ளே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எல்லோரும் பட்டம் படித்தவர்கள், கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்தவர்கள். கூலி வேலை, கடை வேலை, டெலிவரி, தொழிற்சாலை என்று இருப்பவர்கள் யாரும் வருவதில்லை. அப்படிப்பட்டவர்கள் அந்த இடத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் ஸ்பீக்கர் தூக்கவும் தரை துடைக்கவும் வாசலில் நிற்கவும்.

நாங்கள் போடுவது ஹவுஸ், ஜமைக்காவின் டப், ஹிப் ஹாப் என்ற இசை வகைகள். மூன்றுமே வசதி இல்லாதவர்கள் உண்டாக்கிய இசை. அதனால்தான் இது என்னை இவ்வளவு உறுத்துகிறது. எங்கள் குழுவில் ஒருவர் "அவங்களுக்கு இந்த மாதிரி இசை பிடிக்காது, விடு" என்கிறார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. டிக்கெட் விலை தடை இல்லை என்றால் வேறு எது தடை? நேரடியாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பழையரெக்கார்டு:

"அவங்களுக்குப் பிடிக்காது" என்பதை எந்தக் காலத்திலும் யாரும் நிரூபித்ததில்லை. வரலாறு முழுக்க நேர் எதிராகத்தான் நடந்திருக்கிறது.

ஹிப் ஹாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற குடியிருப்புக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு பார்ட்டி நடந்தது. பள்ளி திறக்கிற நேரம், புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் அதை ஏற்பாடு செய்தார். ரெக்கார்டு போட்டவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். ஹெர்க் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அங்கே 1950களிலேயே வசதியானவர்களின் கிளப்புக்குள் போக முடியாத மக்கள் திறந்த வெளியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். சவுண்ட் சிஸ்டம் என்ற அந்தத் தெரு இசை ஏற்பாடு வந்ததே அந்த வழியில்தான். ஹவுஸ் சிகாகோவில் 1977ல் திறந்த வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் போட்ட செட்களிலிருந்து வளர்ந்தது, அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலின இளைஞர்கள்.

அதே 1977ல் நியூயார்க்கில் ஸ்டுடியோ 54 என்ற டிஸ்கோ கிளப் திறக்கிறது. வாசலில் வெல்வெட் கயிறு. யார் உள்ளே போகலாம் என்பதை முதலாளியே நின்று கை காட்டித் தேர்ந்தெடுப்பார். அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு, சிக் என்ற டிஸ்கோ இசைக்குழுவின் நைல் ரோட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும், பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததால் போனவர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாடு முழுக்க டிஸ்கோ தளங்களில் அவர்களுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கோபத்தில் வீட்டுக்குப் போய் உருவாக்கிய 'லெ ஃப்ரீக்' அடுத்த ஆண்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. இசையைச் செய்தவனுக்கே இடம் இல்லை என்றால் ரசனைக்கும் வாசலுக்கும் என்ன தொடர்பு இருக்கிறது?

ரசனை பற்றி ஒரு விஷயம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1960களில் 1,217 பேரிடம் விசாரித்து, 1979ல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இதுதான்: ஒருவருக்கு எந்த இசை பிடிக்கிறது என்பது அவருடைய படிப்போடும் அப்பா பார்த்த வேலையோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் கீபோர்டு இசை மேல்தட்டில், 'ப்ளூ டான்யூப்' போன்ற வால்ட்ஸ் நடன இசை கீழ்த்தட்டில். ஆனால் 1996ல் அமெரிக்காவில் பீட்டர்சன், கெர்ன் என்ற இருவர் இன்னொன்றைக் கவனித்தார்கள். மேல்தட்டுக்காரர்கள் இப்போது ஒரே வகை இசையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை, எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அதாவது டப்பும் தெரியும், ஓபராவும் தெரியும், நாட்டுப்புறமும் தெரியும் என்பதே இன்று ஒரு தகுதி ஆகிவிட்டது. உங்கள் கூட்டத்தில் இருப்பவர்கள் அந்த வகை என்று நினைக்கிறேன். அவர்கள் வருவதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் இசை எங்கிருந்து வந்தது என்பதை வைத்து யார் வருவார்கள் என்று கணக்குப் போட முடியாது.

நடுநிசி:

நான் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன், நீங்கள் தேடுகிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் எனக்கு உயிர், பேக்கிங் செய்யும்போது ஒரு காதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

டிக்கெட்டை விடுங்கள், முதலில் நேரம். நீங்கள் மாதத்தின் முதல் சனி என்று ஒரு மாதம் முன்பே போஸ்டர் போடுகிறீர்கள், எனக்கு அடுத்த வார ஷிஃப்டே இந்த வாரக் கடைசியில்தான் தெரியும். சனி இரவு வேலை விழுந்தால் முடிந்தது. வேலை இல்லாத சனியாக இருந்தாலும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு உள்ளே நிற்க வேண்டி இருக்கும். அலுவலகத்தில் இருப்பவர் தூங்காமல் போனால் காபி குடித்துச் சமாளிக்கலாம், நான் தூங்காமல் போய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால் யாருக்காவது கால் போகும். இது எங்களில் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஆசை இருந்தாலும் வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறோம்.

இரண்டாவது, திரும்பி வருவது. வாடகை குறைவான இடத்தில் இருப்பவர்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். கடைசி பஸ் போன பிறகுதான் உங்கள் டிஜே மேடைக்கே வருகிறார். அப்புறம் டாக்ஸிக்குக் கொடுக்கிற காசு, நீங்கள் தள்ளுபடி செய்த டிக்கெட்டைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். லண்டனில் 2016ல்தான் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அதுவரை அவ்வளவு பெரிய நகரத்திலேயே இரவு வாழ்க்கை என்பது டாக்ஸிக்குக் காசு உள்ளவர்களுக்கும் இரவு பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம் உட்காரத் தயாராக இருந்தவர்களுக்கும்தான்.

மூன்றாவதைச் சொல்வது கஷ்டம். நண்பர்களோடு இப்படி ஓர் இடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன் (உங்களுடையது இல்லை). யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள், எங்கே நிற்பது, எதைக் கேட்பது, கை எங்கே வைப்பது என்று எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. "என்ன பண்றீங்க?" என்று ஒருவர் நட்பாகத்தான் கேட்டார். பதில் சொன்னதும் "ஓ, சூப்பர்" என்றார், அப்புறம் பேச்சு வளரவில்லை. ஆடுவதற்காகப் போகிற இடத்தில் வேலை பற்றிக் கேட்காதீர்கள், இதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கதவோரம்:

வாசலில் நிற்கிற ஆள் பேசுகிறேன். பல வருடமாக இந்தத் தொழில்.

கிளப் வாசலில் யாரும் "ஏழைகளை உள்ளே விடாதே" என்று சொல்ல மாட்டார்கள். "ஷூவைப் பார்", "ஆண்கள் மட்டும் குழுவாக வந்தால் யோசி", "இன்று பிரைவேட் என்று சொல்லிவிடு", "கூட்டத்தின் தரம் கெட்டுவிடாமல் பார்த்துக்கொள்" என்பார்கள். பொருள் எல்லோருக்கும் புரியும். யூனிஃபார்ம் பேன்ட்டோடு வேலை முடிந்து நேராக வருகிற பையன்கள் முதலில் நிற்பார்கள், அதே மாதிரி பேன்ட்டைப் பெரிய விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர் உள்ளே போவார். என்ன செய்ய, நான் அந்தப் பையன்களின் தெருக்காரன். அவர்களிடம் "இன்னைக்கு முடியாது தம்பி" என்று சொல்லும்போது அவர்கள் சண்டை போடுவதில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் எப்போதும் வர மாட்டார்கள். எனக்கு அதுதான் தாங்காது.

இதை அரசே எழுத்தில் செய்த இடமும் உண்டு. லண்டன் போலீஸ் 2005ல் படிவம் 696 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர் என்ன வகை இசை, யார் பாடுகிறார்கள், அவர்களுடைய முகவரி, போன் நம்பர் எல்லாம் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஆரம்பத்தில் எந்த இனத்தவர் வருவார்கள் என்றுகூட அதில் ஒரு கேள்வி இருந்தது. அடிபட்டது லண்டன் கறுப்பின இளைஞர்களிடமிருந்து வந்த கிரைம் (Grime), கராஜ் (Garage) என்ற இசை வகைகளின் இரவுகள்தான். அரங்க உரிமையாளர்கள் எதற்கு வம்பு என்று அந்த வகை இசையையே நிறுத்திவிட்டார்கள். 2017 நவம்பரில்தான் அந்தப் படிவத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறைப் பையன்கள் தங்கள் இசையைத் தங்கள் ஊரிலேயே மேடையில் கேட்காமல் வளர்ந்துவிட்டார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி: வாசலில் இருக்கிற உங்கள் ஆளுக்கு நீங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? எதுவும் சொல்லவில்லை என்றால் அவர் இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் கற்றதையே செய்வார்.

தனிவழி:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், கேளுங்கள். எல்லோரும் ஏன் உங்கள் இரவுக்கு வர வேண்டும்? உழைக்கும் மக்கள் பாட்டு இல்லாமல், ஆட்டம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரிப் பேசுகிறீர்கள். அவர்களுக்கென்று இடங்கள் இருக்கின்றன, அங்கே உங்களைவிட நன்றாக ஆடுகிறார்கள். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

1970களில் இங்கிலாந்தின் வடக்கே விகன் என்ற தொழில் நகரத்தில் விகன் கசீனோ என்று ஒரு பழைய நடன மண்டபம். 1973 முதல் 1981 வரை சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஆரம்பித்து ஞாயிறு காலை வரை ஆட்டம். மது விற்க உரிமம் இல்லை, வசதி ஒன்றும் இல்லை, தரையில் பவுடர் தூவி ஆடுவார்கள். ஆலையிலும் பட்டறையிலும் வேலை பார்த்த இளைஞர்கள் நாட்டின் எந்த மூலையிலிருந்தோ ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்தார்கள். அமெரிக்காவிலேயே யாரும் கண்டுகொள்ளாத, சோல் என்ற கறுப்பின இசையின் ரெக்கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் அவர்கள். நடுநிசி சொன்ன நேரம், தூரம், களைப்பு எல்லாம் அவர்களுக்கும் இருந்தது. ஆனாலும் வந்தார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய இடம். உங்கள் இரவு உங்கள் நண்பர்களுடைய இடம். அதில் தவறில்லை, ஆனால் அதை எல்லோருக்குமான இடம் என்று நம்ப வேண்டாம்.

நடுநிசி:

தனிவழி, பாதி சரி. விகன்காரர்களில் பலருக்குச் சனி, ஞாயிறு லீவு இருந்திருக்கும், ஆலை ஷிஃப்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். இன்று எங்களுக்கு அது இல்லை. முன்கூட்டியே தெரியாத வாரத்தில் எந்தக் கூட்டமும் சேராது, இசைக் கூட்டம் மட்டும் இல்லை, யூனியன் கூட்டமும்தான்.

இரவுராகம்:

எல்லோருக்கும் நன்றி. கதவோரம் அண்ணா, வாசலில் இருப்பவரிடம் நாங்கள் எதுவும் பேசியதே இல்லை. அவரிடம் சொல்வது மட்டும் போதாது, அவரிடம் கேட்கவும் வேண்டும் என்று புரிகிறது. தனிவழி சொல்வதை யோசிக்கிறேன், ஆனால் ஒட்டாமல் இருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனி இடம் என்றால் வேறுவேறு வேலை பார்க்கிறவர்கள் ஒரே இரவில் சேர்ந்து ஆடுவது என்பது எங்குமே நடந்ததில்லையா?

பழையரெக்கார்டு:

நடந்திருக்கிறது. நியூயார்க்கில் டேவிட் மான்குசோ 1970 பிப்ரவரி 14 அன்று தன் வீட்டிலேயே தொடங்கிய பார்ட்டி, பிறகு லாஃப்ட் என்று பெயர் பெற்றது. பொதுமக்களுக்குத் திறந்த இடம் இல்லை, அழைப்பு இருந்தால்தான் உள்ளே. கேட்டால் இதைவிடப் பாகுபாடு உண்டா என்று தோன்றும். ஆனால் அவர் அழைத்த பட்டியலில் கறுப்பினத்தவர், வெள்ளையர், லத்தீன் மக்கள், தன்பாலினத்தவர், மற்றவர், பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் இருந்தார்கள். மது விற்கவில்லை. உணவு உள்ளேயே கொடுத்துவிடுவார், கட்டணம் மிகக் குறைவு. யாரும் உள்ளே வந்து செலவு செய்து தன்னைக் காட்டிக்கொள்ள வழியே இல்லை. கதவைத் திறந்து வைத்தால் யார் ஏற்கெனவே துணிச்சலோடு இருக்கிறாரோ அவர்தான் முதலில் நுழைவார். மான்குசோ ஆளைத் தேடிப் போய் அழைத்தார், வித்தியாசம் அங்கேதான்.

லண்டனில் ஆண்டுதோறும் நடக்கிற ப்ராம்ஸ் (Proms) என்ற சிம்பொனிக் கச்சேரிகள் இன்னொன்று. 1895ல் ராபர்ட் நியூமன் என்ற அரங்க மேலாளர், சிம்பொனி கேட்டுப் பழகாத மக்களுக்கென்றே அதைத் தொடங்கினார். நின்று கேட்க ஒரு ஷில்லிங். சாப்பிடலாம், குடிக்கலாம், புகைக்கலாம், உடை பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்றும் நின்று கேட்கிற டிக்கெட் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

கூடவே சட்டத்தையும் பார்க்க வேண்டும். நியூயார்க் 1926ல் கேபரே சட்டம் என்று ஒன்று போட்டது, உரிமம் இல்லாத இடத்தில் ஆட விடுவதே குற்றம். கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமின் ஜாஸ் இடங்கள்தான் அதன் குறி என்று பலர் சொல்கிறார்கள். பிறகு இசைக்கலைஞர்களுக்குப் போலீஸ் அட்டை வேண்டும் என்றார்கள், அட்டையைப் பறித்ததால் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயும் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் அந்த நகரத்தின் கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் பாடவோ வாசிக்கவோ முடியாமல் போனது. அந்தச் சட்டம் 2017ல்தான் நீங்கியது. பிரிட்டனில் 1994ல் போட்ட சட்டம் ரேவ் என்ற திறந்தவெளி இரவு ஆட்டங்களைத் தடுக்க, திரும்பத் திரும்ப வரும் தாளம் கொண்ட இசை என்று இசையையே வரையறுத்து எழுதியது. வெட்டவெளியில் இலவசமாகக் கூடியவர்களைக் கலைத்துவிட்டு, அதே தாளத்தை உரிமம் வாங்கிய கிளப்பில் காசு கொடுத்துக் கேட்கலாம் என்றாகிவிட்டது. எந்தக் கூட்டம் கலை, எந்தக் கூட்டம் தொல்லை என்று முடிவு செய்வது எப்போதும் அந்தக் கூட்டத்தில் இல்லாதவர்கள்.

கேபிள்_அக்கா:

சவுண்ட் இன்ஜினியர் வேலை செய்கிறேன். எல்லோரும் கூட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மேடையைப் பார்க்கவில்லை.

தம்பி, நுழைவு இலவசம் என்றால் வாசிக்கிறவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? நான் பார்த்த இலவச நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் "இதெல்லாம் ஆர்வத்துக்குத்தானே" என்று போக்குவரத்துக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் யார் வாசிப்பார்? மாதச் சம்பளம் வேறு இடத்தில் வருகிறவர், அல்லது வீட்டில் வசதி உள்ளவர். டெக், மிக்ஸர், ஹெட்போன், லேப்டாப் எல்லாம் சொந்தமாக வைத்திருப்பவர். ஒரு ராத்திரி வேலையை விட்டால் அன்றைய கூலி போகிற பையன் எவ்வளவு திறமை இருந்தாலும் உங்கள் மேடைக்கு வர முடியாது. அவன் வரவில்லை என்றால் அவனுடைய அண்ணன், கூட வேலை பார்க்கிறவர்கள், தெருப் பெண்கள் யாரும் வர மாட்டார்கள். ஆட்கள் இசையின் வகையைப் பார்த்து வருவதில்லை, மேடையில் நிற்கிறவனைத் தெரியும் என்பதால்தான் முதல்முறை வருவார்கள்.

அதனால் டிக்கெட் போடுங்கள் என்றுதான் சொல்வேன். வசதி உள்ளவர்களிடம் வாங்குங்கள், அவர்கள் கொடுப்பார்கள். முடியாதவர் எவ்வளவு கொடுத்தாலும் சரி, காரணம் கேட்காதீர்கள், அடையாள அட்டை கேட்காதீர்கள். வந்த பணத்தில் வாசித்தவருக்கும் பெட்டி தூக்கியவருக்கும் துடைப்பவருக்கும் அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு செட் உபகரணத்தை மேடையிலேயே வைத்துவிட்டால் வெறும் பென் டிரைவோடு வந்தும் ஒருவர் வாசிக்கலாம்.

பெண்கள் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டு வேலைக்குப் போகிற, துணிக்கடையில் நிற்கிற பெண்களுக்கு இரவு இன்னும் சுருங்கியது. குழந்தையை யார் பார்ப்பது என்று ஒன்று, நடு இரவில் திரும்பினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று ஒன்று. வசதியான வீட்டுப் பெண் காரில் வீட்டு வாசலில் இறங்கிவிடுவார், இவர்கள் முனையிலிருந்து நடந்து போக வேண்டும். சாயங்காலமே ஆரம்பித்துக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணிநேரம் முன்னால் முடிக்கிற ஓர் இரவை வைத்துப் பாருங்கள், நல்ல டிஜேயைக் கடைசியில் போடாமல் நடுவில் போடுங்கள்.

நடுநிசி:

அக்கா சொன்ன பஸ் கணக்கை அப்படியே செய்யுங்கள். கூடவே ஒன்று: வார நாளில் ஒருமுறை வையுங்கள். எங்களில் பலருக்கு லீவு செவ்வாய், புதனில்தான் விழும், அன்று ஊரில் எங்கேயும் இசை இருக்காது. தேதி போஸ்டரில் போதாது. எங்கள் கிடங்கில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரும் டீக்கடையில் நிற்போம், அந்த மாதிரி இடத்துக்கு யாராவது நேரில் வந்து சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பையன் இருக்கிறான், இடைவேளையில் போனிலேயே மிக்ஸ் செய்வான், நன்றாகச் செய்கிறான். ஒரு மணிநேரம் கொடுப்பீர்களா? கொடுப்பீர்கள் என்றால் அவனிடம் பேசிவிட்டு உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்புகிறேன், ஷிஃப்ட் பட்டியல் வந்த பிறகு தேதியைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.